பூட்டிக் கிடந்த பெண்கள் அறை

எங்கள் ஸ்டேஷனின் பெயரை நான் எழுதப்போவதில்லை. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குப் போகும் கம்பிச்சடக்கில், ரயில் பாதையில், பாதி வழியில் இருந்தது என்று சொன்னால் போதும். அதை முதலில் மனிதர்களுக்காகக் கட்டவே இல்லை என்று அப்பா சொல்வார். விறகும் காப்பிக்கொட்டையும் ஏற்றுவதற்காக அங்கே வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். நின்ற வண்டியில் ஆட்களும் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள். பிறகு காப்பித் தோட்டங்கள் ஒழிந்து ரப்பர், எங்கள் பேச்சில் கித்தா, வந்தது. ஏறி இறங்குகிற ஜனம் பெருகியது. கட்டடம் மட்டும் அப்படியே இருந்தது.

கட்டடம் என்பதே பெரிய வார்த்தை. பலகை அடித்த ஒரு டிக்கெட் அறை, நான்கு மரத்தூண்கள், மேலே துருப்பிடித்த தகரம், கீழே ஒரு நீள பெஞ்சு. பிளாட்பாரம் என்பது செம்மண்ணைக் கொட்டி, ஓரத்தில் பழைய தண்டவாளச் சிலிப்பர் கட்டைகளை அண்டக் கொடுத்த ஒரு மேடு. முழங்கால் உயரம்கூட இராது. வண்டியின் படி நெஞ்சுக்கு நேராக நிற்கும். ஆண்கள் தாவி ஏறிவிடுவார்கள். பெண்கள் சேலையை வாரிச் செருகிக்கொண்டு, பிள்ளையை யாரிடமாவது கொடுத்துவிட்டு, மேலே இருப்பவர் கையைப் பிடித்து ஏற வேண்டும். மழைக்காலத்தில் செம்மண் வழுக்கும்.

அப்பா அங்கே பாயிண்ட்ஸ்மேன். எந்தத் தடத்தில் வண்டி வர வேண்டுமோ அந்தத் தடத்துக்கு நெம்புகோலை இழுத்துவிடுவது அவர் வேலை. சின்ன ஸ்டேஷன் என்பதால் மணி அடிப்பதும், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதும், கூட்டிப் பெருக்குவதும் அவர்தான். ஸ்டேஷனுக்குப் பின்னால் ரயில்வே குவாட்டர்ஸில் ஓர் அறையும் அடுப்படியும் எங்களுக்கு. அம்மா குளிர்காய்ச்சலில் போனபோது எனக்கு நான்கு வயது. என்னைவிட எட்டு வயது மூத்தவளான அக்காதான் என்னை வளர்த்தாள். தலை வாரிப் பின்னிவிட்டவளும், அடித்தவளும், அடித்துவிட்டு அழுதவளும் அவள்தான். பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிற ஒருவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்தார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் இரண்டு கல் தூரத்தில்தான் இருந்தது. ஆனாலும் அவள் போன முதல் வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாப்பா என்றே எல்லாரும் கூப்பிட்டோம். கைக்குழந்தையாக இருந்தபோது ஒருநாள் கிள்ளானுக்குப் போக அக்கா ஸ்டேஷனில் காத்திருந்தாள். குழந்தை பசிக்கு வீறிட்டது. பெஞ்சு நிறைய ஆண்கள். அப்பா இரண்டு நிமிஷம் தவித்துவிட்டு, ஸ்டேஷனை ஒட்டிய சரக்குக் கொட்டகையில் இருந்த அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அவளை உட்கார வைத்தார். தன் துண்டை விரித்துக் குறுக்கே பிடித்துக்கொண்டு, முதுகைத் திருப்பி நின்றார். எலிப்புழுக்கை நாற்றத்தில் அக்கா பால் கொடுத்தாள். அந்த ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் இடம்.

"ஒரு கதவு போட்ட ரூமு கட்ட மாட்டாங்களாப்பா?" என்று அக்கா மூட்டைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"எழுதிப் போட்டிருக்காரு மாஸ்டர்," என்றார் அப்பா.

ஸ்டேஷன் மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை டிரவுசரில் ஒரு மடிப்புக் கலையாமல் இருப்பார். அந்த ஸ்டேஷனைத் திருத்திக் கட்ட வேண்டும் என்று அவர் வருஷா வருஷம் எழுதினார். பதில் வராது. வந்தால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வரும். அவர் மறுபடியும் எழுதுவார்.

எனக்குப் பதினாலு வயது நடந்தபோது ஒரு வெள்ளைக்காரர் தண்டவாளத்தில் தள்ளிவரும் டிராலியில் வந்து இறங்கி, டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். ஆறு மாதத்தில் வேகனில் செங்கல் வந்து இறங்கியது. அன்று மாஸ்டர் எங்கள் குவாட்டர்ஸ் வாசல்வரை வந்தார். அவர் அப்படி வந்ததே இல்லை.

"வேலை தொடங்குது. செங்கல் கட்டடம், சீமெந்துப் பிளாட்பாரம். பொம்பிளையளுக்கு ஒரு அறையும் வருது, கதவோட," என்றார். "இனி உன்ர மகள் மூட்டைக்குப் பின்னால ஒளிக்கத் தேவையில்லை."

அப்பா கைகட்டி நின்றார். சந்தோஷம் வந்தால் அவருக்குப் பேச்சு வராது.

அந்தச் சமயத்தில் கித்தா விலை இறங்க ஆரம்பித்திருந்தது. தோட்டத்தில் பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. மற்ற நாட்களுக்கு அக்கா ஸ்டேஷன் வேலைக்கு வந்தாள். கண்டிராக்டர் சீனர். கொத்தனார்கள் சீனர்கள், சித்தாள்கள் நம் பெண்கள். அக்கா தலையில் சும்மாடு வைத்துச் செங்கல் சுமந்தாள். பாப்பாவுக்கு அப்போது இரண்டு வயது. பழைய பெஞ்சுக்கடியில் விட்டால் அங்கே இருக்க மாட்டாள். மணல் குவியலில் ஏறிச் சறுக்குவாள். வண்டி வரும் சத்தம் கேட்டால் எல்லாருக்கும் முன்னால் "கூ!" என்று கத்துவாள். அப்பா நெம்புகோலைப் பிடித்துக்கொண்டே, "கேட்டுருச்சும்மா, கேட்டுருச்சு," என்பார். அவர் சிரித்து நான் பார்த்த மாதங்கள் அவை. வீட்டில் இருந்த மனிதர் வேறு, அந்தக் கட்டட வேலை நடந்தபோது இருந்தவர் வேறு என்றுகூட எனக்குத் தோன்றும்.

பெண்கள் அறைக்குச் சுவர் எழும்பியபோது அக்கா மற்றச் சித்தாள்களை அந்தப் பக்கம் விடவில்லை. "இது என் ரூமு, நான்தான் கல்லு கொடுப்பேன்," என்பாள். கொத்தனாருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்குச் சீனம் தெரியாது. இருவரும் மலாயில் நான்கு வார்த்தையை வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். ஜன்னல் உயரமாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஆம்பளைகள் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது அவள் கட்சி. ஜன்னல் உயரமாகத்தான் அமைந்தது. அது பிளானில் அப்படி இருந்தது என்று மாஸ்டர் சொன்னார். அக்கா நம்பவில்லை.

கூரை போட்ட அன்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் என்னைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தாள். தரை இன்னும் பூசவில்லை. சுண்ணாம்பு வாசனை. பாப்பா நடுவில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள். நாங்கள் கருவாடும் சோறும் சாப்பிட்டோம்.

"அம்மா இருந்திருந்தா கூட்டியாந்து காட்டியிருக்கலாம்," என்றாள் அக்கா. அம்மாவைப் பற்றி அவள் தானாகப் பேசியது குறைவு. நான் சோற்றைப் பிசைந்தேன்.

திறப்பு நாள் என்று பெரிதாக எதுவும் இல்லை. புதுப் பிளாட்பாரத்தில் காலை வைக்கிற முன் ஜனங்கள் செருப்பைக் கழற்றினார்கள். கோயிலா இது என்று மாஸ்டர் அதட்ட வேண்டியிருந்தது. வண்டியின் படி இப்போது பிளாட்பாரத்துக்குச் சமமாக இருந்தது. ஒரு கிழவி ஏறி, இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தாள். பிளாட்பாரத்தின் நடுவில் மட்டும் கொஞ்ச தூரத்துக்குக் கூரை. இரண்டு முனைகளும் வானம் பார்த்தவை. பெண்கள் அறைக்குப் பச்சை வர்ணக் கதவு, பித்தளைப் பூட்டு. உள்ளே ஒரு சோபா, சுவரில் நிலைக்கண்ணாடி. கதவுக்கு மேலே இங்கிலீஷில் ஒரு பலகை.

எனக்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ்தான் தெரியும். மாஸ்டரிடம் கேட்டேன்.

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "முதலாம், இரண்டாம் வகுப்புப் பெண்கள் மட்டும் எண்டு போட்டிருக்கு," என்றார். பிறகு, "நான் அப்பிடி எழுதிக் கேக்கேல்லைப் பிள்ளை," என்றார்.

எங்கள் ஊரில் அந்த வகுப்பில் ஏறுகிற பெண் ஒருத்திதான். தோட்டத்துத் துரையின் மனைவி. அவளும் மோட்டார் கார் வாங்கிய பிறகு ரயிலுக்கு வருவதை விட்டுவிட்டாள்.

நான் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் கதவைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். "நான்தான் கட்டும்போதே உள்ள உக்காந்து சாப்பிட்டுட்டேன்லா. போதும் போ."

அந்த அறையைத் தினமும் கூட்டிக் கண்ணாடியைத் துடைத்துப் பூட்டுவது அப்பாவின் வேலையாயிற்று. சாவி அவர் இடுப்புக் கயிற்றில் தொங்கியது. யாரும் உட்காராத சோபாவை அவர் தினமும் தட்டிவிட்டு வருவார்.

அடுத்த வருஷம் தோட்டங்கள் ஆட்களைக் கழிக்கத் தொடங்கின. பாதிச் சம்பளத்துக்கு இருக்கிறவர்கள் இருக்கலாம், மற்றவர்களைக் கப்பல் ஏற்றி இந்தியாவுக்கு, ஊருக்கு, அனுப்புவார்கள் என்று கங்காணி லயத்தில் வந்து சொன்னார். மச்சானுக்கு ஊரில் தாயார் இருந்தார். "பட்டினி கெடக்கிறதுன்னா சொந்த மண்ணுல கெடப்போம்," என்று பெயர் கொடுத்துவிட்டார். அக்கா பிறந்தது இங்கே. அவள் அந்த மண்ணைப் பார்த்ததில்லை. அவளை யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "பாப்பாவோட அப்பா போனா நானும் போகணும்தானே," என்றாள்.

புறப்பட்ட நாள் காலையிலேயே லோரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். மூன்று தோட்டத்து ஜனம். தகரப் பெட்டி, பாய், அம்மிக்கல்லைக்கூட ஒருவர் தூக்கி வந்திருந்தார். துறைமுகத்துக்குப் போகும் வண்டியில் அவர்களுக்கென்று கடைசியில் இரண்டு பெட்டி சேர்த்து வரும். அதனால் பிளாட்பாரத்தின் கடைசி முனையில் வரிசையாக உட்கார வேண்டும் என்று போலீஸ்காரர் சொன்னார். அங்கே கூரை கிடையாது.

நான் கஞ்சி கொண்டுபோனேன். பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. வண்டியில் ஏறப்போகிற குஷியில் அவள் வரிசையின் அந்த முனைக்கும் இந்த முனைக்கும் ஓடினாள். எதுவுமே வராத தடத்தைப் பார்த்துக் "கூ!" என்றாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

பத்து மணிக்கு வர வேண்டிய வண்டி வரவில்லை. பன்னிரண்டுக்கும் வரவில்லை. பிறகு கிள்ளான் பக்கம் வானம் கறுத்தது. எங்கள் ஊர் மழை தூறிக்கொண்டு வராது. ஒரே அடியாகக் கொட்டும். ஜனம் நடுக்கூரைக்கு ஓடியது. போலீஸ்காரர் முதலில் தடுத்தார், பிறகு விட்டுவிட்டார். இடம் கிடைத்தவர்கள் கூரைக்குள் நின்றார்கள். மூட்டைகளை விட்டு வர முடியாதவர்கள் மழையிலேயே நின்றார்கள். மச்சான் பெட்டியோடு நின்றார். அக்கா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, கூரையின் ஓரத்தில், பெண்கள் அறைக் கதவுக்கு முன்னால் நின்றாள். சாரல் பக்கவாட்டில் அடித்தது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். குழந்தையின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

மாஸ்டர் அன்று கோலாலம்பூர் போயிருந்தார். டிக்கெட் ஜன்னலில் கணக்கு எழுதுகிற, புதிதாக வந்த கிராணி மட்டும்தான். நான் அப்பாவிடம் ஓடினேன். அவர் நெம்புகோலுக்குப் பக்கத்துக் குடிசையில் தார்ப்பாய்க் கோட்டோடு நின்றார்.

"அப்பா, அந்த ரூமத் தொறங்கப்பா. பாப்பா நடுங்குது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவளுக்குத் தொறந்தா எல்லாரும் வருவாங்க."

"வரட்டுமே."

"கிராணி பாக்கிறான். எழுதிப் போட்டான்னா அடுத்த கப்பல் நமக்குத்தான். இங்கயும் ஆள் கழிக்கிறாங்க, தெரியுமா உனக்கு?"

அது உண்மை. அந்த மாதம்தான் பக்கத்து ஸ்டேஷனில் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். ஆனால் எனக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை. சாவியைப் பிடுங்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடிக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றார்.

பிறகு ஒரு காலிச் சாக்கை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். அக்காவிடம் போய்ச் சாக்கைக் குழந்தைமேல் போர்த்தினார். சாக்கும் நனைந்துபோயிருந்தது. அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள், இடுப்புக் கயிற்றைப் பார்த்தாள், பின் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"பரவால்லப்பா, விட்டுரும்," என்றாள். மழையை மட்டும்தான் சொன்னாள், கதவை அல்ல என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

மழை விடவில்லை. அவர்கள் அந்தப் பச்சைக் கதவில் சாய்ந்து இரண்டு மணி நேரம் நின்றார்கள். வண்டி வந்தபோது நான் பாப்பாவைத் தூக்கி அக்காவிடம் கொடுத்தேன். குழந்தை விளையாட்டெல்லாம் அடங்கி, என் கழுத்தில் தலையைச் சாய்த்திருந்தாள். கன்னம் சுட்டது. அழுது அழுது சூடேறியிருக்கும் என்று நினைத்தேன். அக்கா என் தலையைத் தடவி, "எண்ணெய் வை, வாரிப் பின்னிக்க," என்றாள். அவ்வளவுதான். கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

வண்டி புறப்பட அப்பா மணி அடிக்க வேண்டும். மணிக்கயிறு அவர் கையில் இருந்தது. அவர் அடிக்கவில்லை. கிராணி ஜன்னலிலிருந்து கத்தினார். கார்டு கொடியோடு திரும்பிப் பார்த்தார். அப்பா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். பிளாட்பாரத்தின் கடைசியிலிருந்து, பெட்டியின் ஜன்னலில் தலையை நீட்டி, அக்காதான் சொன்னாள்:

"அடிங்கப்பா. வண்டி நிக்குதுல்ல."

அவர் அடித்தார்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ஊரில் யாரோ ஒருவரைக் கொண்டு அக்கா எழுதியிருந்தாள். கப்பலில் இரண்டாம் நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல் அதிகமாயிற்று. நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. ஐந்தாம் நாள் காலையில் போய்விட்டாள். கடலில் விட்டார்கள். கரையைப் பார்க்க ஒருநாள்தான் பாக்கி. கடைசியில், 'இதை அப்பாவுக்குப் படிக்கலாமா வேண்டாமா என்று நீயே பார்த்துக்கொள்' என்று இருந்தது.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. வேலை முடிந்து வந்து, கைகழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார். "படி," என்றார்.

நான் படித்தேன். எல்லாரும் சுகமாகப் போய்ச் சேர்ந்தோம். மாமியார் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். பாப்பா கப்பலில் எல்லாரோடும் சினேகம் ஆகிவிட்டாள். தாத்தா எங்கே என்று கேட்கிறாள். இப்படியே இல்லாத வரிகளைப் படித்தேன். தாள் முடிந்துவிட்டது. நான் இன்னும் படித்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நனைஞ்சதுல ஒண்ணும் ஆகலியே?" என்றார்.

"ஒண்ணும் ஆகலியாம்பா."

அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, நீளமாக மூச்சு விட்டார். நான் செய்தது சரிதான் என்று அந்த ஒரு நிமிஷம் நினைத்தேன்.

தீபாவளிக்கு அப்பா கிள்ளான் போய் ஒரு சிவப்பு கவுன் வாங்கி வந்தார். நான்கு வயதுக்கு என்று கேட்டு வாங்கினாராம். "பார்சல் போட்டுரு," என்று என்னிடம் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? ஒரு வாரம் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அக்காவுக்கு அனுப்ப மனம் வரவில்லை. எரிக்கவும் கை வரவில்லை. கடைசியில் தண்டவாளத்துக்கு அப்பால் கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், இருந்த ஒரு மலாய்க்காரக் குடும்பத்தின் குழந்தைக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் அப்பா போவதில்லை என்று நினைத்தேன்.

அந்தக் குழந்தைதான் கவுனைப் போட்டுக்கொண்டு ஒரு மாலை தாயோடு ஸ்டேஷனுக்கு வந்தது. நான் குவாட்டர்ஸ் வாசலிலிருந்து பார்த்தேன். அப்பா விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை அவர் முன்னால் நின்று விளக்கைத் தொடப்போனது. அவர் கை நின்றது. கவுனைப் பார்த்தார். பிறகு விளக்கைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையின் கவுனில் அவிழ்ந்திருந்த பின் முடிச்சைக் கட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. அடுத்த தீபாவளிக்கு எதுவும் வாங்கவில்லை. ஆனால் அக்காவின் கடிதம் வரும்போதெல்லாம் எதிரில் உட்கார்ந்து, "பாப்பா எப்படி இருக்காளாம்?" என்று கேட்பார். நானும் சொல்வேன். பல் விழுந்ததாம். பள்ளிக்கூடம் போகிறாளாம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொள்வார். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். நிறுத்துவது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

எனக்குக் கல்யாணமாகி கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு வந்தேன். அப்பா ஓய்வு பெற்றதும் எங்களோடு வந்து இருந்தார். அக்காவின் கடிதங்கள் குறைந்து, பிறகு நின்றுபோயின. நான் எழுதிய இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவது திரும்பி வந்தது.

அப்பா படுக்கையில் விழுந்த வருஷம், ஒருநாள் பிற்பகல் நல்ல மழை. நான் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். அவர் தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"அந்தக் கதவத் தொறந்திருக்கலாம்," என்றார்.

அவர் அதைச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"பாப்பாவுக்கு அன்னைக்குக் காலையிலேயே காய்ச்சல் இருந்துச்சுப்பா," என்றேன். "நான் தொட்டுப் பாத்தேன். மழையால இல்ல."

அது உண்மையில்லை. அன்று காலையில் அவளைப்போல் ஆரோக்கியமான குழந்தை அந்தப் பிளாட்பாரத்திலேயே இல்லை. அப்பா என் முகத்தைப் பார்த்தார். தலையை மெல்ல ஆட்டினார். கால் வலிக்கவில்லை, போதும், போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு போடு என்றார்.